மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதிப்பதா?

எமது ஊர்களில் ஒருவருக்குத் துன்பத்துக்கு மேல் துன்பம் வந்து சேர்ந்தால், "மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல" என்று சொல்வார்கள். இருந்த நிலத்தை விட்டு வந்த விவசாயக் குடும்பங்களுக்கு இப்பழமொழியின் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் இம்முறை அதை நாம் உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லில் உள்ளபடியே மரத்தாலும் கூரையாலும் சாரத்தாலும் விழுகின்றவர்களைப் பற்றியே எழுத முற்படுகின்றோம். விழுந்தவரை மிதிக்கின்ற மாடு எது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டம் செய்தது. வெங்காயம், புகையிலை, இடையில் மரக்கறி. 1990 ஆனி மாதத்தில் அங்கிருந்து புறப்பட்டவர்கள் அதற்குப் பின்னர் ஆறு இடங்களில் குடியிருந்து, கடைசியில் வன்னியில் ஒரு காணித்துண்டில் அமர்ந்தார்கள். மூத்த மகனுக்குத் தோட்டவேலை கை வந்தது. ஆனால் செய்வதற்குத் தோட்டம் இருக்கவில்லை. ஆகவே மேசன்மாருக்குக் கையாளாக நின்றார். (எமது பக்கத்தில் அந்த வேலைக்கு 'முட்டாள்' என்றே பெயர். சாந்து சுமப்பவருக்கு இப்படியொரு பெயரை வைத்தவர் யாரோ, அவர் ஒருநாளும் சாந்து சுமந்திருக்க மாட்டார்.) 2014ஆம் ஆண்டு அவருடைய பெறாமகளுக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. சொந்தக்காரரின் வீடு என்பதால் கூலி பேசாமல் வேலைக்குப் போனார். சுவர் பீம் மட்டத்துக்கு உயர்ந்திருந்தது. காட்டுத்தடியில் கட்டிய சாரத்தின்மேல் ஒரேயொரு பலகை. அதுவும் பழைய பெட்டிப் பலகை. சாந்துத் தாச்சியை மேலே வாங்கித் திரும்பியபோது பலகை ஆணி அடித்த இடத்தில் பிளந்தது. உயரம் பதினொரு அடிதான். கீழே கல் குவிந்திருந்தது.

கூடி நின்றவர்கள் நல்ல மனதோடு இருவர் கையிலும் இருவர் காலிலும் பிடித்துத் தூக்கி, லான்ட்மாஸ்ரர் பெட்டியில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

அதன் பின்னர் ஊரில் பேசப்பட்டதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புகின்றோம். "கவனமில்லாமல் ஏறியிருக்கிறார்" என்றார் ஒருவர். "வேலை பழகாத ஆள்" என்றார் இன்னொருவர். "யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொன்னவரும் உண்டு. "அவருடைய விதி" என்பது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஒருவராவது "அந்தச் சாரத்தில் ஏன் ஒரு பலகை மாத்திரம் இருந்தது?" என்று கேட்கவில்லை. பழமொழியில் வருகின்ற மாடு இதுதான் என்று நாம் நினைக்கின்றோம். விழுந்தவர் மீதே குற்றத்தைச் சுமத்திவிட்டால், மறுநாள் அதே சாரத்தில் அதே ஒற்றைப் பலகையில் வேறொருவரை ஏற்றுவதற்கு எவருக்கும் மனம் கூசுவதில்லை.

மேலேறி வேலை செய்பவர் விழுவது அநேகமாக அவர் ஏறுவதற்கு முன்னரே, நிலத்தில் வைத்தே முடிவாகிவிடுகின்றது. எத்தனை பலகை போடுவது, கைபிடி கட்டுவதா இல்லையா, ஏணியை எங்கே சாத்துவது, மழை விடும்வரை பொறுப்பதா என்பவற்றை ஏறுபவர் தீர்மானிப்பதில்லை. வேலை கொடுப்பவர் தீர்மானிக்கின்றார். கவனம் என்பது நல்ல பொருள்தான். ஆனால் காலை ஏழு மணிமுதல் வெயிலில் நிற்கின்ற ஒரு மனிதனின் கவனம் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு கணம் தவறவே செய்யும். அந்த ஒரு கணத்துக்கு உயிரையோ முதுகெலும்பையோ விலையாகக் கேட்காத வகையில் வேலைத்தலம் அமைந்திருக்க வேண்டும். பத்தடி உயரத்திலிருந்து விழுபவர் நிலத்தை அடைவதற்கு ஒரு செக்கனும் செல்வதில்லை. அடைகின்றபோது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர். அந்த நேரத்துக்குள் எந்தக் கெட்டிக்காரனும் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது.

பழைய ஏற்பாட்டில் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுபவன் தன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைபிடிச் சுவர் கட்டவேண்டும். கட்டாதிருந்து எவராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் சாரம். விழுகின்றவன் கவனமாக இருந்தானா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. பொறுப்பு வீட்டுக்காரனுடையது. மிகப் பழைய சட்டம். எமது கட்டிட வேலைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"நாங்கள் வேலை கொடுப்பவர்களா? எங்களுக்கே வேலையில்லை" என்று எமது வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால் போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் வீடு கட்டிய முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளில் மிகப் பெரும்பான்மையானவை பயனாளிக் குடும்பமே பொறுப்பெடுத்துக் கட்டுவிக்கின்ற முறையில் எழுந்தவை. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த பணம். அந்த நாட்களில் நாமே மேசனைப் பிடித்தோம், நாமே கல்லும் மணலும் சீமெந்தும் விலை பேசினோம், கம்பியை இறாத்தல் கணக்கில் எண்ணினோம். சாரத்துக்கென்று எத்தனை பேர் பணம் ஒதுக்கினோம்? அடுத்த கட்டப் பணத்தைப் பிடிக்க வேண்டும், மாரிக்கு முன்னர் கூரை ஏறவேண்டும் என்ற அவசரத்தில், மச்சானையும் பெறாமகனையும் அயல்வீட்டுப் பொடியனையும் ஒற்றைப் பலகையில் ஏற்றியவர்கள் நாங்கள்தான். நாங்களும் வேலைகொள்வோராக இருந்தோம். அது எமக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் வேலை முடியவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் தொடங்கிய வீடமைப்புத் திட்டங்களில் பணம் இடையில் நின்றதால் கூரையில்லாமல் மழையிலும் வெயிலிலும் கிடந்த சுவர்கள் பல. அப்படிக் கிடந்த சுவரின்மேல் ஏறி வேலையைத் திரும்பத் தொடங்குவது புதுச்சுவரில் ஏறுவது போன்றதல்ல. மேல்வரிக் கல் கழன்றிருக்கலாம். வெளியே நீட்டிவிட்ட கம்பி துருப்பிடித்திருக்கலாம். அக்கம்பியைப் பிடித்து ஏறுவதும் அதிலே கயிறு கட்டுவதும் கூடாது. முதலில் கீழே நின்று சுற்றிப் பார்த்து, மேல்வரியை ஏணியில் நின்று தட்டிப் பார்த்த பின்னரே வேலைக்கு ஆளை விடவேண்டும்.

பெரிய கட்டிடங்களில் இன்று உடல் முழுவதையும் தாங்கும் பட்டியும் அதனோடு கொக்கியும் அணிந்து வேலை செய்கின்றார்கள். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிப்பதால் விழும்போது அந்த அதிர்ச்சி உடம்பெங்கும் பகிரப்படுகின்றது. எமது ஆட்கள் கூரையில் ஏறும்போது சிலவேளை இடுப்பிலே கயிற்றைச் சுற்றிக்கொள்வதைக் கண்டிருக்கின்றோம். இங்கு ஒரு எச்சரிக்கை அவசியம். இடுப்புக் கயிற்றில் நாலைந்து அடி விழுந்து நின்றால், விலா எலும்பையும் குடலையும் முதுகையும் அந்தக் கயிறே சிதைத்துவிடும். அப்படியானால் சாதாரண கயிறு உதவாதா? உதவும், வேறு வகையில். ஆடு கட்டுகின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அயலானின் பயிரில் ஆடு வாய் வைக்காதிருக்க, வேலிக்கு எட்டாத அளவு நீளத்திலே கயிற்றை விடுவோம். அதேபோல, கூரையின் விளிம்புக்கு எட்டாத நீளத்தில் கயிற்றை அளந்து, பலமான ஓர் இடத்தில் கட்டிவிட்டால் மனிதன் விழக்கூடிய இடத்துக்கே போகமாட்டான். விழுந்தபின் பிடிப்பது வேறு, விழுமிடத்துக்குப் போகவிடாமல் தடுப்பது வேறு. முன்னையதற்கு முழுப்பட்டி வேண்டும். பின்னையதற்கு நல்ல கயிறும் நல்ல அளவும் போதும். கிணற்றடியில் வருடக்கணக்காக வெயிலில் கிடந்த நைலோன் கயிறோ, நைந்த தும்புக் கயிறோ இரண்டுக்கும் ஆகாது.

கயிற்றுக்கு முன்னர் சாரம். நடக்கும் தட்டுக்குக் குறைந்தது மூன்று பலகையாவது பக்கம் பக்கமாக இருக்கவேண்டும். வெடிப்போ பெரிய கணுவோ இல்லாத பலகைகள். இரு அந்தத்திலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாத பலகையின் நுனியில் கால் வைத்தால் அது ஊஞ்சற் பலகை போல மற்றப் பக்கம் எழும்பும். இடுப்பு உயரத்தில் ஒரு தடியும் அதற்குக் கீழே பாதியில் இன்னொன்றும் குறுக்கே கட்டினால் கைபிடி ஆயிற்று. இதற்கு வேண்டியது காட்டுத்தடியும் கயிறும் ஒரு மணித்தியாலமும் மாத்திரமே. இன்னுமொன்று: எமது மொழியில் சாரம் என்றால் உடுக்கின்ற சாரமும் அதுவே, ஏறுகின்ற சாரமும் அதுவே. ஒன்றை உடுத்துக்கொண்டு மற்றதில் ஏறவேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றோம். மடித்துக் கட்டிய சாரம் அவிழ்ந்து ஆணியில் மாட்டினால் இரண்டு கையும் அதைத்தான் முதலில் தேடும்.

ஏணியைச் சாத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. மேலே நாலு அடிக்கு அடியில் ஓரடி விலக்கவேண்டும். பன்னிரண்டு அடி உயரச் சுவருக்கு ஏணியின் கால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கவேண்டும். ஏணித்தலை சுவருக்கு மேலே மூன்றடியாவது நீண்டிருந்தால் இறங்கி ஏறும்போது பிடிக்க இடமிருக்கும். தலையைக் கட்டிவிட வேண்டும். கட்டும்வரை கீழே ஒருவர் பிடிக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் நாம் அதிகம் அஞ்சுவது அஸ்பெஸ்ரோஸ் சீற் கூரையைத்தான். கிடுகும் ஓலையும் வேய்ந்து பழகிய எமக்கு, வளையும் சிலாகையும் எங்கே ஓடுகின்றன என்று காலுக்கே தெரியும். சீற் கூரையோ பார்வைக்குச் சீமெந்து போலக் கெட்டியாகத் தோன்றும். மனிதனின் பாரத்தைத் தாங்க அது செய்யப்பட்டதல்ல. பழையதாகிப் பாசி பிடித்த சீற் முன்னறிவிப்பு எதுவும் தராமல் பிஸ்கற் போல உடையும். நடுச் சீற்றில் கால் வைப்பவர் உள்ளே நேரே சீமெந்துத் தரையில் விழுவார். ஒழுக்கு அடைக்கவும், காற்றுக்குக் கழன்றதைச் சரிசெய்யவும், பந்து எடுக்கவும்கூட ஏறுகின்றார்கள். ஆணி வரிசை எங்கே போகின்றதோ அங்கேதான் கீழே மரம் இருக்கின்றது. அந்த வரிசைகளுக்குக் குறுக்கே நீளமான பலகையைப் போட்டு, பலகையின் மேலேயே நடக்கவேண்டும். ஒரு பலகை போதாது. ஒன்றில் நின்றுகொண்டு அடுத்ததை முன்னே வைப்பதற்கு இரண்டு வேண்டும். முடிந்தால் உள்ளிருந்து ஏணி வைத்து ஒழுக்கைப் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது.

பனையைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது. தளைநாரும் இயனக்கூடும் பாளைக் கத்தியுமாக ஒரு நாளில் பல மரங்கள் ஏறி இறங்கும் சீவல் தொழிலாளியைப் போல உயரத்தை அறிந்தவர் எமது சமூகத்தில் வேறு எவருமில்லை. அவர்களும் விழுகின்றார்கள். அறுபது அடிப் பனையிலிருந்து விழுவதற்கு இரண்டு செக்கன். வேகம் மணிக்கு 68 கிலோமீற்றர் அளவில் வரும். காலங்காலமாக இவர்கள் விழுந்தபோது ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஏறுவது அவர்களுடைய தொழில், விழுவதும் அதனோடு சேர்ந்தது என்று மற்றவர்கள் எண்ணினார்கள். கள்ளையும் கருப்பநீரையும் பனங்கட்டியையும் மாத்திரம் எல்லோரும் வாங்கிக்கொண்டோம். இந்த மனப்பாங்குக்குச் சாதி என்ற பெயரைத் தவிர வேறு பெயர் எமக்குத் தெரியவில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்து பல பத்தாண்டுகள் கடந்தும், பெரும்பாலானோர் பாட்டன் ஏறிய அதே முறையில்தான் ஏறுகின்றார்கள். கேரளத்தில் தென்னை அபிவிருத்திச் சபை 2011இல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்ற பெயரில் இளைஞருக்கு ஏறும் கருவியும் பயிற்சியும் காப்புறுதியும் கொடுத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தென்னைக்கென்று செய்த கருவி பனைக்கு அப்படியே பொருந்தாது. பனையின் பருமனும் கரடுமுரடும் வேறு. எனினும் பொருந்தக்கூடிய ஒன்றை ஆக்குவது மனிதனால் முடியாத காரியமல்ல. ஏறுபவர் யார் என்பதைப் பார்த்தே நாம் இதுவரை தாமதித்தோம் என்பது எமது கருத்து.

இளநீருக்கும் தேங்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் மாங்காய்க்கும் ஏறாமலே விடக்கூடிய இடத்தில் ஏறாதிருப்பதே புத்தி. கொக்கைத்தடி வெட்கத்துக்குரிய பொருளல்ல. முருங்கைக் கொப்பு முறிந்து விழுந்த பிள்ளைகள் எத்தனை என்று எந்தத் தாயையும் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால்? மேலே சொன்ன அந்த மனிதரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கியதாக எழுதினோம். அவருடைய முள்ளந்தண்டு விழுந்தபோதே முற்றாகப் பாதிக்கப்பட்டதா, தூக்கியபோது மேலும் கெட்டதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. விழுந்தவர் மூச்சு விடுகின்றார் என்றால் அவசரப்பட்டு எழுப்பவோ இருத்தவோ கூடாது. தண்ணீர் பருக்கக் கூடாது. தலையையும் கழுத்தையும் ஒருவர் இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, 1990 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும். எமக்கு 1990 என்றால் வேறொரு ஞாபகம் வரும். அந்த ஆண்டைச் சொல்லாத இடம்பெயர்ந்த குடும்பமில்லை. 2018 முதல் வடக்கில் அந்த எண்ணுக்கு இலவச அம்புலன்ஸ் வருகின்றது. அம்புலன்ஸ் வரமுடியாத இடமாயின், கதவொன்றைக் கழற்றிக் கொண்டுவந்து, தலை, தோள், இடுப்பு, கால் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் மரக்குற்றியை உருட்டுவதுபோல ஒரு பக்கமாக உருட்டி, கதவை அடியில் வைத்து, அதன்மேல் நேராகக் கிடத்திக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். ஓட்டோவில் மடித்து இருத்திக் கொண்டுபோவது கூடாது.

சட்டம் என்ன சொல்கின்றது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையினாலும் வேலையின்போதும் ஏற்பட்ட காயத்துக்கு வேலைகொள்வோர் நட்டஈடு கொடுக்கவேண்டும். அவர் தவறு செய்தார் என்று காயப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலைக்கான ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சில் இருந்தாலும் போதும். கொந்தராத்துக்காரர்கள் "நீ நாட்கூலிதானே, உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது எமது சனங்களுக்கு இது தெரியாதென்ற துணிவில்தான். 2022ஆம் ஆண்டின் திருத்தம்வரை அச்சட்டம் கொடுக்கக்கூடிய ஆகக்கூடிய தொகை 550,000 ரூபா. வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த அதே தொகை. ஒரு வீடும் ஒரு மனிதனும் ஒரே விலையில் இருந்த காலம் அது. திருத்தத்தின் பின்னர் உச்சத்தொகை 20 இலட்சமாக உயர்ந்துள்ளது. விபத்து நடந்தால் அன்றைக்கே திகதி, இடம், வேலை தந்தவரின் பெயர், கண்டவர்களின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியசாலையில் "வீட்டில் விழுந்தவர்" என்று சொல்லும்படி எவராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விடும். தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கும் வழியைச் சொல்வார்கள்.

ஆனால் கூலி பேசாமல் சொந்தக்காரருக்கு உதவப் போனவருக்கும் முறைமாற்றாகக் கைகொடுக்கப் போனவருக்கும் இந்தச் சட்டத்தில் நம்பியிருக்க எதுவுமில்லை. அவர்களுக்கு நாம்தான் உண்டு. ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும் மாதர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். கிடாரமும் கதிரையும் வாங்கி வாடகைக்கு விடுகின்ற சங்கங்கள் பல. அந்தப் பொருட்களோடு நல்ல ஏணி ஒன்று, முழுப்பட்டி இரண்டு, கயிறு, வெடிப்பில்லாத பலகை ஒரு டசின் ஆகியவற்றையும் வாங்கி வைக்கலாமே. கலியாண வீட்டுக்குக் கிடாரம் இரவல் எடுப்பதுபோல, வீடு வேய்கின்றவர் அவற்றை எடுத்துப் போகட்டும். கணவனை இழந்து தனியே வீட்டைக் கட்டுவிக்கும் பெண்கள் மேசனிடம் இதைக் கேட்கத் தயங்குகின்றார்கள் என்பதை அறிவோம். பலகை சங்கத்திலிருந்து வந்து முற்றத்தில் கிடந்தால் கேட்பது இலகுவாகும். மேசனும் மறுக்கமாட்டார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே.

அந்த மனிதர் இப்போது தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் இருக்கின்றார். படுக்கைப்புண் வராமல் மனைவி இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி அவரைப் புரட்டிவிடுகின்றார். விழுந்த பின்னர் அந்தப் பெறாமகள் நெடுநாள் முகம் கொடுக்காமல் இருந்தாள். இப்போது வந்து போகின்றாள். அவளுடைய வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. ஒழுங்கையால் கல், மணல் ஏற்றிப் போகின்ற டிராக்டரைக் கண்டால் அவர் மறித்து, யாருடைய வீடு, யார் மேசன் என்று விசாரிக்கின்றார். பிறகு, "சாரத்துக்கு எத்தனை பலகை போடுகிறியள்?" என்று கேட்கின்றார். கடந்த மாதம் நாம் அங்கிருந்தபோது ஒரு பொடியன் "இரண்டு, அண்ணை" என்றான். அவர் அவனைப் போகவிடவில்லை.